பழைய அம்பாசடருக்குப் புதிய புகைக்குழாய்: செலவைக் கணக்கிடும் முறையும் வேலை வாங்கும் முறையும்

1970களில் வந்த ஓர் அம்பாசடருக்கு எஞ்சினின் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டின் அடியிலிருந்து வால்குழாய் வரை புகைக்குழாயைப் புதிதாகச் செய்து பொருத்த எவ்வளவு ஆகும் என்று மூன்று பட்டறைகளில் கேட்டால் மூன்று தொகைகள் வரும். பெரியது சிறியதைப்போல் மூன்று மடங்காக இருந்தாலும் வியப்பதற்கில்லை. யாரோ ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள்: ஒருவர் ஓட்டை விழுந்த பகுதியை வெட்டிவிட்டு எம்எஸ் (மென் எஃகு) குழாய்த் துண்டை வைத்து ஒட்டுவதற்கு, இன்னொருவர் கடைச் சைலன்சரை வாங்கி மாட்டுவதற்கு, மூன்றாமவர் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாயில் முழு வரிசையையும் ஆர்கான் வெல்டிங்கில் (ஆர்கான் வாயு காற்றைத் தடுக்கும் முறை) கட்டித் தருவதற்கு. எந்த வேலை வேண்டும் என்பதைக் காரின் உரிமையாளர் தாமே தீர்மானித்து, அதைத் தாளில் எழுதிக் கொடுத்து விலை கேட்டால்தான் அந்த மூன்று தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருள் இருக்கும்.

அம்பாசடரை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட இந்தக் கார், நம் ஊர்களில் இன்னும் ஓடும் பழைய கார்களில் அதிகம் தென்படுவது. அதன் அமைப்பை அறிந்த மெக்கானிக்குகள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். இங்கே நான் பேசுவது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின் குடும்பத்தின் வழிவந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வண்டியைப் பற்றி. பிரீமியர் பத்மினிக்கும், சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் கணக்கிடும் முறை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும்: தனியாகச் செய்துதான் தீர வேண்டுமா? எஞ்சின் மாற்றப்படாமல், வண்டி முதலில் வந்தபடியே இருந்து, பொருந்தக்கூடிய சாதாரணச் சைலன்சரும் குழாயும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளிலோ வேறெங்கோ கிடைக்குமானால், அதை வாங்கி மாட்டுவதே மலிவு. உதிரிபாகம் அரிதாகிவிட்ட வண்டிக்கும், வேறு எஞ்சின் ஏற்றப்பட்டதால் பழைய குழாய் பொருந்தாத வண்டிக்கும், ஒரு முறை செய்தால் நெடுநாள் தொல்லை இருக்கக்கூடாது என்று எண்ணுகிறவர்களுக்கும்தான் பட்டறையில் கட்டும் வரிசை ஏற்றது.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை

வண்டியைப் பள்ளத்தின் மேலோ ராம்ப்பிலோ நிறுத்தி, குழாய் நன்றாக ஆறிய பிறகு, ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும், சில வேளை உள்ளே துருச்செதில்கள் உதிர்ந்து உருளும் ஓசையும் கேட்கும். சைலன்சரின் அடிமடிப்பிலும், வால்குழாய் அதனுள் நுழையும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இணைப்புகளைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கரி படிந்திருந்தால் அங்கே கசிவு உண்டு.

சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து துருப்பிடிப்பதே அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி, நீராவியாகப் புகையோடு போகிறது. குழாய் நன்றாகச் சூடேறினால் அது முழுவதும் வெளியேறிவிடும். வாரம் ஒரு நாள் உறையைக் கழற்றி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, தெருமுனை வரை போய்வந்து மீண்டும் மூடி வைக்கும் வண்டியில் அந்த நீர் சைலன்சரின் வயிற்றில் குளிர்ந்து தங்கி, எரிவில் உண்டான அமிலங்களோடு சேர்ந்து தகட்டைத் தின்னும். ஆகவே தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டியின் எம்எஸ் சைலன்சரைவிடக் கொட்டகையில் பத்திரமாக நிற்கும் வண்டியின் சைலன்சர் விரைவில் போய்விடுவது இயல்பு. எந்த உலோகம் என்று முடிவு செய்யும்போது வண்டி எப்படி ஓடப்போகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குழாயைப் பார்த்த கையோடு அதன் சுற்றுப்புறத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். குழாயைத் தொங்கவிடும் ரப்பர்கள் வெடித்திருக்கின்றனவா, அவை மாட்டப்பட்டிருக்கும் அடித்தகட்டில் வலு இருக்கிறதா, பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எவ்வளவு அருகில் ஓடுகின்றன, கால் வைக்கும் தரைத்தகட்டில் ஓட்டை உண்டா என்பவை எல்லாம் செலவைப் பாதிப்பவை. அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடற்கூடே சேசிஸாக வேலை செய்கிறது. எனவே தொங்குபட்டை மாட்டும் இடம் துருப்பிடித்திருந்தால் முதலில் டிங்கரிங் வேலை, அதன் பிறகுதான் குழாய் வேலை. தரையில் ஓட்டையும் குழாயில் கசிவும் சேர்ந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எதிர்பாராத செலவின் முதல் இருப்பிடம் மேனிஃபோல்டு. பி-சீரிஸ் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே புகைவாய்கள் உண்டு. முதலாவதற்கும் நான்காவதற்கும் தனித்தனியாக ஒன்று, நடுவிலுள்ள இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பெட்ரோல் கலவை போகும் மேனிஃபோல்டும் புகை வரும் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் நெருங்கி அமைந்திருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளாகச் சூடேறி ஆறிய, மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (மரையுள்ள தண்டுகள்) ஸ்பேனரை வைத்ததும் முறிவது வழக்கம். முறிந்த அடிக்கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, அந்தச் சூடு முழுவதும் ஆறுவதற்குள் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத் திருகி எடுக்கத் தெரிந்த கை இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். இல்லாவிட்டால் துளையிட வேண்டும், துளை கோணினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். விலை கேட்கும்போதே “ஸ்டட் முறிந்தால் ஒன்றுக்கு எவ்வளவு?” என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குவது பின்னால் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். திரும்ப மாட்டும்போது பித்தளை நட்டுகளைப் போடச் சொல்லுங்கள். அவை ஸ்டட்டோடு இறுகிப் பிடிப்பதில்லை.

குழாயின் அளவும் உலோகமும்

பெரிய குழாய் போட்டால் வண்டி இழுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அம்பாசடரின் இந்த எஞ்சின் தரும் திறன் சுமார் 50 குதிரைத்திறன். இதே குடும்பத்தைச் சேர்ந்த 1,798 சி.சி. எஞ்சினைக் கொண்டு 1962இல் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 95 குதிரைத்திறனை ஒற்றைக் குழாய் வரிசையிலேயே வெளியேற்றியது. அப்படியிருக்க, அம்பாசடருக்கு 38 மி.மீ. வெளிவிட்டம் போதும், பழைய குழாயின் அளவையே மீண்டும் வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. 51 மி.மீ. குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பு இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகையின் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், எஞ்சின் மெல்லச் சுற்றும்போது கிடைக்கும் இழுவை குறையும், செலவும் கூடும். இரட்டை வால்குழாய் பார்வைக்கு மட்டுமே. அதற்கு ஆகும் பணத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்துச் சீர்செய்து கொண்டால் இழுவை நிச்சயமாகக் கூடும்.

உலோகத்துக்கு வருவோம். எம்எஸ் குழாய் மலிவு, எங்கும் கிடைக்கும், எந்த வெல்டரும் ஒட்டுவார், துருப்பிடிக்கும். அலுமினியப் பூச்சுள்ள எஃகு இடைப்பட்ட தரம், கிடைத்தால் நல்லதே. வெல்டு செய்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும் என்பதால் அங்கே வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். எஸ்எஸ் 409 கார்த் தொழிற்சாலைகள் பயன்படுத்துவது; மேலே சற்றுத் துருநிறம் படியும், ஓட்டை விழ நெடுங்காலமாகும். எஸ்எஸ் 304 குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் கொண்டது. நம் பட்டறைகள் ‘எஸ்எஸ்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் எண்ணுவது இதையே.

ஆனால் கடையில் 304 என்று சொல்லி 202ஐக் கொடுப்பதும் நடக்கிறது. 202இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், விலையும் குறைவு. பளபளப்பில் வேறுபாடு தெரியாது. காந்தத்தை வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, இரண்டிலுமே அது ஒட்டாது. மாங்கனீசு கூடுதலாக இருந்தால் சிவப்பு நிறம் காட்டும் சோதனைச் சொட்டுமருந்து பழைய எஸ்எஸ் பொருள்களை எடைக்கு வாங்குகிறவர்களிடம் இருக்கும். சின்ன பேட்டரியோடு வரும், ஒரு நிமிட வேலை. குழாயைப் பட்டறைக்காரர் வாங்குவதாக இருந்தால் பில்லில் ‘304’ என்று எழுதி வாங்கச் சொல்ல வேண்டும். சென்னையில் பாரிமுனைப் பக்கத்துச் செம்புதாஸ் தெருக் கடைகளில் நேரில் போய் எடை போட்டு வாங்குவது அலைச்சல்தான் என்றாலும், என்ன உலோகம் என்பதில் ஐயம் இருக்காது.

குழாய் எடைக்கு விற்கப்படுவதால் அதன் விலையை வீட்டிலேயே கணக்கிடலாம். வெளிவிட்டத்திலிருந்து தகட்டின் கனத்தைக் கழித்து, வரும் எண்ணை மீண்டும் கனத்தால் பெருக்கி, அதை எம்எஸ் என்றால் 0.02466ஆலும் எஸ்எஸ் 304 என்றால் 0.0249ஆலும் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். 38.1 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. கனமும் உள்ள 304 குழாய் மீட்டருக்கு 1.37 கிலோ. முழுக் குழாய் 6 மீட்டர் நீளத்தில் வரும், ஆக 8.2 கிலோ. அம்பாசடரின் மொத்த நீளமே 4.3 மீட்டர்தான் என்பதால் ஒரு முழுக் குழாய் தாராளமாகப் போதும்.

செலவு வளைவில் இருக்கிறது

குழாயை வளைக்க மூன்று வழிகள் உண்டு. பிரஸ்ஸில் அழுத்தி வளைப்பது மலிவு. வளைவின் உட்பக்கம் நசுங்கிச் சுருங்கும். மணலை இறுகத் திணித்து, சூடேற்றி, அச்சில் வைத்து வளைப்பது பழைய கைவேலை. எம்எஸ் குழாய்க்கு நன்றாக வரும், நேரம் எடுக்கும், செய்யத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். உள்ளே மாண்ட்ரல் உருளை நுழைத்து வளைக்கும் எந்திரம் விட்டம் மாறாமல் வளைத்துத் தரும். அந்த எந்திரம் இல்லாத பட்டறைகள் ஆயத்தமாக விற்கும் மாண்ட்ரல் பெண்டுகளை (வளைத்த குழாய்த் துண்டுகளை) வாங்கி, வேண்டிய கோணத்துக்கு அறுத்து, நேர்க்குழாய்களோடு வெல்டு செய்து வரிசையைக் கட்டுகின்றன. இன்று நடக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

அம்பாசடரின் அடியில் குழாய் நேராக ஓட முடியாது. முன்னே சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பிகள்) நெடுக்காகப் படுத்திருக்கின்றன. பின்னே ஆக்ஸிலை (சக்கர அச்சை) தாண்டி வளைந்து ஏறி இறங்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் பட்டையையும் உரசக் கூடாது. ஆறு பெண்டுகள் தேவை என்று கொண்டால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் என்று 12 வெல்டு, சைலன்சரின் இரு வாய்களில் 2, மேனிஃபோல்டோடு இணையும் தகட்டில் 1, நடுவே கழற்றி மாட்ட வசதியாக ஒரு ஜோடி ஃபிளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகடுகள்) 2, மொத்தம் 17 வெல்டுகள் வரும். இந்த எண்ணைத்தான் பட்டறைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். எத்தனை பெண்டு, எத்தனை வெல்டு என்று சொல்லத் தெரியாதவர் சொல்லும் தொகை உத்தேசம் மட்டுமே.

ஆக்ஸில் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரங்கள் தொங்கும் நிலையில் குழாயை அளந்து கட்டினால், ஐந்து பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும்போது ஆக்ஸில் மேலேறி வந்து குழாயை முட்டும். சக்கரங்களில் பாரம் நிற்கும் நிலையில் அளவெடுக்க வேண்டும். பின்சீட்டிலும் டிக்கியிலும் கனம் ஏற்றி ஆக்ஸில் எங்கே வரை எழுகிறது என்று பார்த்துவிட்டு இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

எஸ்எஸ் குழாய்க்கு ஆர்கான் வெல்டிங்கே முறை. 304ஐ 304ஓடு சேர்க்க 308எல் கம்பி, 304ஐ எம்எஸ்ஸோடு சேர்க்க 309எல் கம்பி. வெல்டு செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்ப வேண்டும். அதற்கு வாயுவும் நேரமும் கூடுதலாக ஆவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் வெளிப்பக்கம் அழகாக இருக்க, உட்பக்கத்தில் வெல்டு நெடுகிலும் கருகிய சர்க்கரைப் பாகு போல் கரடுமுரடாகப் புடைத்து நிற்கும். முதல் விரிசல் அங்கேதான் வரும். வரிசையைக் கட்டி முடிக்கும் முன், ஒரு துண்டின் வாயில் செல்போன் வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்தால் போதும், வேலையின் தரம் தெரிந்துவிடும்.

சைலன்சர்

துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையைத் திணித்த நேர்வழிச் சைலன்சர் எளிது, மலிவு. இழை எரிந்து உதிர உதிரச் சத்தம் கூடிக்கொண்டே போகும். தடுப்புத் தகடுகளும் அறைகளும் கொண்ட சைலன்சர் கனமானது, செய்யக் கடினமானது, அமைதியானது. குடும்பத்தோடு போகும் காருக்கு இரண்டாவதே பொருத்தம். நான்கு சிலிண்டர் எஞ்சினிலிருந்து எட்டு சிலிண்டர் முழக்கத்தை எந்தக் குழாயாலும் வரவழைக்க முடியாது; கிடைப்பது குறிப்பிட்ட ஒரு வேகத்தில் காதை அடைக்கும் ரீங்காரம் மட்டுமே, திண்டிவனம் தாண்டுவதற்குள் பின்சீட்டிலிருந்து முறையீடு வந்துவிடும். எந்தச் சைலன்சரானாலும் அதன் மிகத் தாழ்ந்த புள்ளியில் 3 மி.மீ. துளை ஒன்று இடச் சொல்லுங்கள். தங்கும் நீர் வடிய அது போதும், செலவு ஒன்றுமில்லை.

கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். 304 குழாய் கிலோ 300 ரூபாய் என்றால் 8.2 கிலோவுக்கு 2,460. பெண்டு ஒன்று 400 என்று ஆறுக்கு 2,400. பட்டறையில் செய்த எஸ்எஸ் சைலன்சர் 5,000. ஃபிளேஞ்ச், கேஸ்கட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் இடைத்தகடு), ஸ்டட், நட்டு வகைக்கு 1,700. ரப்பர், தொங்குபட்டை, கிளாம்புக்கு 900. பொருள் வகையில் மொத்தம் 12,460 ரூபாய். வெல்டு ஒன்றுக்கு 150 வீதம் பதினேழுக்கு 2,550. தலைமை ஆளுக்கு 1,500, உதவியாளருக்கு 900 என்று மூன்று நாள் கூலி 7,200. பட்டறைக்கு இடம், மின்சாரம், லாபம் என்று 3,000. கூட்டினால் 25,210, அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறத்தாழ 29,750 ரூபாய்.

இதே வரிசையை எம்எஸ்ஸில் செய்தால் குழாய் 730, பெண்டுகள் 1,200, கடைச் சைலன்சர் 1,800, மற்றவை முன்போலவே 2,600, ஆகப் பொருள் 6,330. சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங் ஒன்றுக்கு 80 என்று 1,360. கூலியும் பட்டறைப் பங்கும் மாறாமல் 10,200. மொத்தம் 17,890, வரியோடு சுமார் 21,110. இரண்டு கணக்குக்கும் உள்ள வேறுபாடு எட்டாயிரத்து அறுநூறு ரூபாய்ச் சொச்சம். அதில் நேர்க்குழாயின் பங்கு வரிக்கு முன் 1,730 மட்டுமே. அளவெடுத்து, அறுத்து, பொருத்திப் பார்த்து, மீண்டும் கழற்றி வெல்டு செய்யும் மூன்று நாள் உழைப்பு எந்த உலோகத்துக்கும் ஒன்றுதான். ஆகவே வண்டியை நெடுநாள் வைத்துக்கொள்வதாக இருந்தால், முக்கியமாக அது அதிகம் நிற்கும் வண்டியாக இருந்தால், 304ஐத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம் என்பது என் கருத்து. எம்எஸ் துருப்பிடித்து மறுமுறை செய்யும்போது அந்த மூன்று நாள் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டொரு ஆண்டில் விற்கப்போகிற வண்டிக்கு எம்எஸ் போதும்.

மேலே சொன்ன தொகையில் ஸ்டட் முறிவு, தகட்டு வேலை, மேனிஃபோல்டு விரிசல் எதுவும் அடங்கவில்லை. அதற்கென்று ஐந்தாயிரம் ரூபாயாவது தனியே வைத்துக்கொள்வது நல்லது. மேனிஃபோல்டையே எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் குழாய்களால் ஆன, மூன்று கிளைகள் கொண்ட ஹெடர் கட்டுவதானால் கணக்கே வேறு: தடித்த தகட்டில் எஞ்சின் முகத்துக்கு ஏற்ப வெட்டிய ஃபிளேஞ்ச், மேலும் பல பெண்டுகள், வெல்டு சூட்டில் கோணிய முகத்தை லேத் பட்டறையில் மட்டப்படுத்தும் வேலை என்று செலவு இரட்டிப்பாகும். வார்ப்பு மேனிஃபோல்டின் சூடு கலவைக் குழாய்க்குக் கிடைக்காமல் போவதால் குளிர்ந்த எஞ்சின் தடுமாறவும் கூடும். சென்னையில் பொறுத்துக்கொள்ளலாம், ஊட்டியில் டிசம்பர் காலையில் பொறுப்பது கடினம். சாதாரணமாக ஓட்டும் வண்டிக்கு இது வேண்டாத செலவு.

சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகளில் இந்த வேலையைத் தொடும் விதிகள் சில. 112ஆம் விதிப்படி புகை கீழ்நோக்கியோ வண்டியின் இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது. பின்னாலோ வலப்பக்கமாகவோ போக வேண்டும். 113ஆம் விதி புகைக்குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் இடையே 35 மி.மீ. இடைவெளியாவது கேட்கிறது, அனுபவத்தில் அதைவிட அதிகம் விடுவதே நல்லது. 120ஆம் விதிப்படி சைலன்சர் இல்லாமல் வண்டி இருக்கக் கூடாது. சத்தமும் புகையும் வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கலாம், ஓட்டுநர் உரிமத்துக்கும் 3 மாதத் தடை உண்டு.

ஐம்பது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2021இல் வந்த விதிகளின்படி ‘விஏ’ எழுத்துகள் கொண்ட விண்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். வண்டி முதலில் வந்த வடிவத்திலேயே பேணப்பட்டு, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குழாய் வரிசை அந்த மூன்றில் சேராது என்றாலும், அந்தப் பதிவை எண்ணியிருப்பவர்கள் குழாய் பழைய தடத்திலேயே போகும்படி செய்து, கழற்றிய வார்ப்பு மேனிஃபோல்டு முதலியவற்றை எடைக்குப் போடாமல் வைத்திருப்பது விவேகம்.

வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும்

பட்டறையில் விடும்போது பழைய குழாயைக் கழற்றாமலே விடுங்கள். ஓட்டையாக இருந்தாலும் புதியதன் தடத்துக்கு அதுவே அளவுகோல். எழுதிக் கொடுக்கும் தாளில் உலோகம், விட்டம், கனம், பெண்டு எண்ணிக்கை, வெல்டு முறை, உள்ளே ஆர்கான் விடுவது, கழற்றும் ஃபிளேஞ்ச் எங்கே, சைலன்சர் வகை, ஸ்டட் முறிந்தால் என்ன கணக்கு என்பவை இருந்தால் போதும். முன்பணமாகப் பொருளின் விலையைக் கொடுப்பது வழக்கம்; மீதியை வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுப்பதாகத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். வண்டிக்கு அடியில் வெல்டு வைப்பதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவதையும், பெட்ரோல் குழாயை நனைத்த சாக்கால் மறைப்பதையும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும் நேரில் நின்று உறுதிசெய்து கொள்ளலாம். நல்ல பட்டறைக்காரர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை.

குழாயை உடலோடு இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. மூன்றரை மீட்டர் 304 குழாய் சராசரியாக 250 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 15 மி.மீ. நீளும், எம்எஸ் என்றாலும் 10 மி.மீ. உண்டு. எஞ்சினும் ரப்பர் மேல் ஆடும். ஆகவே தொங்கவிடும் இடங்கள் எல்லாம் ரப்பரில் இருக்க வேண்டும், முன்குழாயில் நெளியும் இணைப்பு ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. இரும்புப் பட்டையை நேரடியாக அடித்தகட்டில் வெல்டு செய்து முடிக்கும் பட்டறையில் சில நூறு ரூபாய் மிச்சமாகும், மேனிஃபோல்டில் விரிசலும் வரும்.

வண்டியை எடுக்கும்போது எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஓடவிட்டு, கையுறை மாட்டிய கையால் தடித்த துணியைக் கொண்டு வால்குழாயைச் சில நொடிகள் அடைத்துப் பார்க்க வேண்டும். வரிசை கசிவின்றி இருந்தால் எஞ்சின் திணறி நிற்கப் பார்க்கும். கசிவு இருந்தால் அந்த இணைப்பிலிருந்து உஸ்ஸென்று ஓசை வரும். சோப்பு நீரைத் தடவினால் துல்லியமான இடம் தெரியும். பிறகு வேகத்தடையில் ஒரு முறை, முழுப் பாரத்தோடு ஒரு முறை ஓட்டி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கார்புரேட்டர். பழைய குழாயின் கசிவுக்கு ஏற்ப யாரோ எப்போதோ திருகி வைத்த கலவை புதிய வரிசைக்குப் பொருந்தாமல் போகலாம். பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு, எஞ்சின் சும்மா ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) என்பதே மாசுச் சோதனை வரம்பு. ஓட்டைக் குழாயில் வெளிக்காற்று கலந்து குறைவாகக் காட்டிய அளவு இப்போது உள்ளபடி தெரியும். ஆகவே கலவையைச் சரிசெய்த பிறகே சான்றிதழுக்குப் போக வேண்டும். சுமார் 300 கிலோமீட்டர் ஓடியதும், குழாய் குளிர்ந்திருக்கும்போது, மேனிஃபோல்டு நட்டுகளையும் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கித் தரும்படி பட்டறையில் கேளுங்கள். புதிய கேஸ்கட் அதற்குள் சற்று அமுங்கியிருக்கும், இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது என்பதையும் முதல் தாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.